அந்த 18 நாள்: சௌந்த் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு மலரில் தலிப் சிங் சௌந்த் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையில் ஓர் ஆண்டு தவறாக அச்சாகியிருக்கிறது. பஞ்சாபிலிருந்து கலிபோர்னியா போய், விவசாயியாகவும் உர வியாபாரியாகவும் இருந்து, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான அவர் 1946இல் குடியுரிமை பெற்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். 1946 ஜூலை 2இல் நடந்தது வேறு. இந்தியர்களும் பிலிப்பினோக்களும் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்று வழிவிட்ட லூஸ்-செல்லர் சட்டத்தில் அதிபர் ட்ரூமன் அன்று கையெழுத்திட்டார். சௌந்தின் கைக்குக் குடியுரிமை வந்தது 1949 டிசம்பர் 16ஆம் தேதி.

மூன்றரை ஆண்டு வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. அவர் அரசியலில் ஏறியதும் சறுக்கியதும் அந்தத் தேதியை வைத்துத்தான்.

1950 நவம்பரில் வெஸ்ட்மோர்லண்ட் என்ற சிற்றூரில் 'ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ்' பதவிக்கு நின்று ஜெயித்தார். இங்கே மலேசியாவில் கௌரவத்துக்குக் கொடுக்கும் ஜேபி பட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நீதிபதி வேலை; போக்குவரத்துக் குற்றம், சிறு கடன் வழக்கு, குடித்துவிட்டுச் செய்த ரகளை எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும். ஜெயித்தும் நாற்காலியில் உட்கார விடவில்லை. பதவிக்கு வருபவர் ஓராண்டாவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. டிசம்பர் 16க்கும் நவம்பருக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மாதத்துக்குச் சற்று மேல் குறைகிறது. 1952இல் மறுபடியும் நின்றார், மறுபடியும் ஜெயித்தார், அப்போதுதான் உட்கார்ந்தார்.

அடுத்த தடை இன்னும் மெல்லியது. நாடாளுமன்றக் கீழவைக்குப் போகிறவர் ஏழாண்டு குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க அரசமைப்பு. 1956இல் அவர் வேட்பாளராக நின்றபோது ஏழாண்டு நிறையவில்லை. உட்கட்சித் தேர்தலில் எதிர்த்து நின்றவர் இதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் போனார், அது எடுபடவில்லை. ஏழாண்டு நிறைந்தது 1956 டிசம்பர் 16. புதிய அவை கூடியது 1957 ஜனவரி 3. நடுவில் இருந்தது 18 நாள். நீங்கள் அச்சிட்ட 1946 சரியென்றால் இந்த வழக்குகள் எதுவுமே எழுந்திருக்காது.

கட்டுரையில் பாதி இடத்தைத் தலைப்பாகைக் கதை எடுத்துக்கொண்டது. உங்கள் நீதிமன்றத்துக்கு வர நாங்களும் தலைப்பாகை கட்ட வேண்டுமா என்று ஒருவர் கிண்டலாகக் கேட்க, தலைக்கு மேல் இருப்பதல்ல, உள்ளே இருப்பதுதான் எனக்கு முக்கியம் என்ற பொருள்பட அவர் பதில் சொன்ன கதை. சுவையான கதைதான், மேடையில் சொன்னால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் அவரை நிறுத்தி வைத்தது கிண்டல் அல்ல, காகிதம். நிலக் காகிதம், குடியுரிமைக் காகிதம், கடன் காகிதம். இதைச் சொல்லாமல் 'கடின உழைப்பால் உயர்ந்தார்' என்று முடித்தால், படிக்கிற பிள்ளைகளுக்கு அரைக்கதைதான் போய்ச் சேரும்.

நிலத்தைப் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சௌந்த் 1920இல் அமெரிக்கா போனது உணவுப் பதப்படுத்தல் படிக்க. பிறகு கணிதத்துக்கு மாறி, பெர்க்லியில் 1924இல் முனைவர் பட்டம் வாங்கினார். குடிமகனாக முடியாத இந்தியருக்கு அந்தப் பட்டத்துக்கேற்ற வேலை எங்கே கிடைக்கும்? மறு ஆண்டு இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போய், பருத்தி பறிக்கும் கூட்டத்துக்கு மேற்பார்வையாளரானார். நம் தோட்டப் பேச்சில் சொன்னால் கங்காணி. அதில் சேர்த்த காசில் சொந்தமாக சலாட் (லெட்டூஸ்) பயிரிட இறங்கினார்.

அந்தப் பள்ளத்தாக்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் பாலைவனம். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை மூன்று அங்குலம்கூட வராது; கோலாலம்பூரில் நவம்பர் மாதத்து ஒரே பிற்பகலில் அவ்வளவு கொட்டிவிடும். பயிருக்கு நீர் கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாயில் வருகிறது. அந்த நீரோடு உப்பும் வருகிறது. ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் அளவுக்கு நீர் பாய்ச்சினால், ஏறக்குறைய ஒரு டன் உப்பு நிலத்தில் இறங்கும். நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு தங்கிவிடும். வாய்க்காலில் ஓடும் நீர் இரண்டு பக்கமிருந்தும் பாத்திக்குள் ஊறி நடு உச்சிக்கு ஏறும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு வரும். காய்ந்த பிறகு பாத்தியின் நடுமுதுகில் வெள்ளைக் கோடு தெரியும். விதையை நடுவில் போட்டால் முளையே வராது. அதனால் பாத்தியின் இரு தோள்களிலும் ஒவ்வொரு வரிசையாக விதைப்பார்கள். இது கையோடு செய்யும் தற்காப்பு. நிரந்தர வைத்தியம் வேறு: ஏறக்குறைய ஆறடி ஆழத்தில் சுட்ட மண் குழாய்களை வரிசையாகப் புதைத்து, பயிருக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக நீர் விட்டு, உப்பைக் கழுவிக் குழாய் வழியே வெளியே இறக்க வேண்டும்.

குழாய் புதைக்கப் பணம் வேண்டும், போட்ட பணம் திரும்பப் பல ஆண்டு வேண்டும். நிலம் அத்தனை ஆண்டு கையில் இருக்குமா?

காகிதம் உள்ளே வருவது இந்த இடத்தில்தான். கலிபோர்னியாவின் 1913ஆம் ஆண்டு அந்நியர் நிலச் சட்டம், குடியுரிமைக்குத் தகுதியற்ற அந்நியர் விவசாய நிலம் வாங்கத் தடை போட்டது. மூன்றாண்டு வரை குத்தகைக்கு எடுக்கலாம் என்று மட்டும் விட்டுவைத்தது. 1920இல் குத்தகையையும் பறித்தார்கள். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் 'வெள்ளையர்' அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதோடு பஞ்சாபி விவசாயிகள் அத்தனை பேரும் இந்தச் சட்டத்துக்குள் விழுந்தார்கள்.

பிறகு எப்படிப் பயிர் செய்தார்கள்? வெள்ளைக்கார நண்பர் ஒருவர் பெயரில் குத்தகை, வாய்ப்பேச்சில் பங்கு. அல்லது அங்கேயே பிறந்த பிள்ளையின் பெயரில். மனைவி பெயரில் எழுதலாமே என்று கேட்கத் தோன்றும். சௌந்த் 1928இல் மணந்த மரியான் கோசா அமெரிக்கக் குடிமகள்தான். ஆனால் குடியுரிமைக்குத் தகுதியற்றவரை மணக்கும் பெண் தன் குடியுரிமையையும் இழப்பாள் என்று 1922ஆம் ஆண்டு கேபிள் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 1931இல்தான் அதை நீக்கினார்கள்.

வாய்ப்பேச்சுக் குத்தகை விலை விழும்போது பெரும்பாலும் முறிவதில்லை. விலை ஏறும்போதுதான் முறியும். அறுவடைப் பணம் யார் பெயரில் குத்தகை இருக்கிறதோ அவருக்குப் போகும். அவர் கையை விரித்தால் வழக்குப் போட முடியாது, ஏனென்றால் ஒப்பந்தமே சட்டவிரோதம். சலாட்டும் காத்திருக்கிற பயிரல்ல. தலை இறுகியதும் வெட்டி, பெட்டியில் ஐஸ் போட்டு, ரயிலேற்ற வேண்டும். சில நாள் தள்ளினால் தண்டு எழும்பி இலை கசக்கும். பெட்டி, ஐஸ், கூலி மூன்றுக்கும் விலை கட்டாவிட்டால் அப்படியே உழுது போடுவதுதான் லாபம். 1930களின் பொருளாதார மந்தத்தில் சௌந்தும் இப்படித்தான் கடனில் முழுகினார். சுற்றிலும் பலர் திவால் அறிவித்து எழுந்தார்கள். அவர் மறுத்து, பல ஆண்டு எடுத்துக் கடனை அடைத்தார்.

கேமரன் மலையில் தமிழர்கள் பயிர் செய்யும் நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. அங்கே எத்தனையோ காய்கறித் தோட்டங்கள் டிஓஎல் எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் நடந்து வந்திருக்கின்றன. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அந்த உரிமம் அந்த ஆண்டு முடிவோடு காலாவதி. மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதை மாற்றிக் கொடுக்கவோ அடமானம் வைக்கவோ முடியாது, வங்கியும் அதை நம்பிக் கடன் தராது. ஆனால் படிக்கட்டுப் பாத்தி, மழைக்கூடாரம், சொட்டுநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் போடுகிற பணம் பல ஆண்டுக்கானது. அப்பா வெட்டிய நிலத்தில் மகன் பயிர் செய்தாலும் சட்டத்தின் கண்ணில் இருவருமே தற்காலிகம்தான்.

இனி, குடியுரிமைக்கு. 1942இல் இந்தியர் சங்கம் ஒன்றை உருவாக்கி அதன் தலைவரானார் சௌந்த். கலிபோர்னியாவின் பஞ்சாபி விவசாயிகளிடம் பணம் திரட்டினார்கள்; கிழக்குக் கரையில் ஜே. ஜே. சிங் தலைமையில் இன்னொரு அணி வாஷிங்டனில் ஆள் பார்த்தது. கிடைத்த சட்டம் பார்க்கச் சிறியதுதான்: இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர். உள்ளே இருந்தவர்களுக்கோ அது கதவு. குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுளைக் கழித்தவர்களின் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். அந்தக் கதவின் மதிப்பை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நீதிபதி நாற்காலியில் இருந்தபடியே 1953இல் ரசாயன உர விநியோகத்தில் இறங்கினார். கட்டுரை இதை 'பக்கத் தொழில்' என்கிறது. உர வியாபாரம் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர் அப்படி எழுத மாட்டார். உரம் விதைப்புக்கு முன்னே போகும், பணம் அறுவடைக்குப் பின்னே வரும். நடுவில் நாலு முறை அந்த வயலை மிதிக்க வேண்டும். யாருக்கு எத்தனை ஏக்கர், யாருக்குத் தண்ணீர் பற்றவில்லை, எந்த வீட்டில் அண்ணன் தம்பி சண்டை, எல்லாம் கணக்குப் புத்தகத்தோடு சேர்ந்தே வரும். அதோடு கட்சியின் மாவட்டக் குழுத் தலைமை. 1955இல் நாடாளுமன்றத்துக்கு நிற்கப்போவதாக அறிவித்தபோது, தொகுதியின் விவசாயப் பகுதி அவருக்கு அறிமுகமாகிவிட்டது.

இம்பீரியல், ரிவர்சைட் என்ற இரண்டு மாவட்டங்கள் சேர்ந்த 29ஆவது தொகுதி அது. எதிரே நின்றவர் ஜாக்குலின் காக்ரன்: ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்த முதல் பெண் விமானி, கணவர் பெரும் பணக்காரர். நாடே அறிந்த பெயர். சௌந்த் குடும்பம் வீடு வீடாகப் போய் வாக்காளர்களைப் பதிவு செய்தது. 51 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாங்கி ஜெயித்தார். முதல் தவணையிலேயே வெளியுறவுக் குழுவில் இடம். 1957இல் ஆசியப் பயணம். இந்திய நாடாளுமன்றத்தில் உரை. 1958, 1960 இரண்டிலும் இன்னும் கூடுதல் விழுக்காட்டில் வெற்றி. 1962 மே மாதம் பக்கவாதம் வந்து பிரசாரம் செய்ய முடியாமல் போய், நவம்பரில் தோற்றார். 1973 ஏப்ரல் 22இல் காலமானார்.

கட்டுரையாளர் முடிவில் 'நம்மிடையே இப்படி ஒருவர் உண்டா' என்று கேட்கிறார். ஏன் இல்லை? சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டக்காரர் வீராசாமியின் மகன் துன் சம்பந்தன் 1955இல் சட்டமன்றம் புகுந்தார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, வேலையும் லயத்து வீடும் ஒரே நாளில் போன தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தப் பணத்தில் வாங்கியதுதான். நிலக் காகிதம் யார் கையில் இருக்கிறது என்ற அதே கேள்விக்கு அவர் கண்ட விடை அது. தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம், நீங்களே போடலாம்.

தொழிலும் விவசாயமும் செய்கிற நம்மவர் யாராவது மக்களவைக்கு நிற்க நினைத்தால், சௌந்தின் கதையிலிருந்து எடுக்க வேண்டியது தேதிகளையும் காகிதங்களையும் முன்கூட்டியே பார்க்கும் பழக்கம். கூட்டரசு அரசமைப்பின் 48ஆவது பிரிவைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. திவாலாகி விடுவிக்கப்படாதவர் உறுப்பினராக முடியாது. சௌந்துக்கு அமெரிக்காவில் அது மனசாட்சிக் கேள்வி. இங்கே தகுதிக் கேள்வி. இப்போது திவால் வழக்குக்குக் குறைந்தபட்சக் கடன் 100,000 ரிங்கிட். வியாபாரி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சொந்தக் கடனில் அல்ல. பங்காளியின் லாரிக் கடனுக்கோ கம்பெனியின் ஓவர்டிராஃப்டுக்கோ எப்போதோ போட்ட உத்தரவாதக் கையெழுத்தில்தான். கம்பெனியை விட்டு விலகிவிட்டாலும் அந்தக் கையெழுத்து தானாக விலகாது. வங்கியிடம் எழுத்தில் விடுவிப்பு வாங்க வேண்டும். வேட்புமனுவுக்கு ஆறு மாதம் முன்பே திவால் இலாகாவில் தன் பெயரில் ஒரு தேடல் போட்டுப் பார்த்துவிடலாம்.

அபராதம் இன்னொரு குழி. 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் தகுதியை அடித்துவிடும். எங்கள் 'பத்து' (Batu) என்ற நாடாளுமன்றத் தொகுதியில் 2018இல் இதைக் கண்முன்னே பார்த்தோம். நடப்பு உறுப்பினர் தியான் சுவாவின் மனு 2,000 ரிங்கிட் அபராதத்தைக் காட்டி நிராகரிக்கப்பட்டது. சுயேச்சையாக நின்ற 22 வயது பி. பிரபாகரன் எதிரணிக் கூட்டணியின் ஆதரவு பெற்று ஜெயித்து, நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினரானார். அபராதம் ஒரு ரிங்கிட் குறைந்திருந்தால் பத்து தொகுதியின் வரலாறே வேறு. தொழிற்சாலையோ தோட்டமோ நடத்துகிறவர்கள் சுற்றுச்சூழல், தொழிலாளர் சட்ட வழக்குகளில் 'கட்டிவிட்டு வந்துவிடுவோம்' என்று ஒப்புக்கொள்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

வேட்புமனு நாளில் காலை 9 முதல் 10 வரை ஒரே ஒரு மணி நேரம்தான். நாடாளுமன்றத் தொகுதிக்கு வைப்புத்தொகை 10,000 ரிங்கிட். பதிவான வாக்கில் எட்டில் ஒரு பங்கு வராவிட்டால் பறிபோகும். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பக்கத்துத் தாமானில் குடியிருக்கும் மைத்துனர் வேறு தொகுதியாக இருந்துவிடுவார். 2018இல் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில் டாக்டர் ஸ்ட்ரீராம், நுழைவு அட்டை இல்லை என்று வேட்புமனு நடுவத்துக்குள்ளேயே விடப்படவில்லை. எதிர்வேட்பாளருக்குப் போட்டியின்றி வந்த வெற்றியை நீதிமன்றம் பின்னர் ரத்து செய்து, 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது. நீதி கிடைத்தது, ஆனால் அலை ஓய்ந்த பிறகு.

செலவு உச்சவரம்பு நாடாளுமன்றத்துக்கு 200,000 ரிங்கிட். முடிவு அரசிதழில் வந்த 31 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஜெயித்தவர்கள் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். தோற்றவர்கள்தான் மனம் வெறுத்து ரசீதுகளைத் தூக்கிப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் அடுத்த தேர்தலுக்கும் சேர்த்தே கதவு சாத்தப்படும்.

வாக்காளர் பதிவு மட்டும் நமக்கு சௌந்த் குடும்பத்தைவிட எளிது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே பட்டியலில் சேர்கிறார்கள். சேர்வது அடையாள அட்டையில் உள்ள முகவரிக்கு. தோட்டத்தை விட்டு வந்து இருபது ஆண்டாகியும் அட்டையில் பழைய லயத்து முகவரியே இருந்தால், பிள்ளையின் ஓட்டு அந்தப் பழைய தொகுதியில்தான் விழும். ஓட்டுக் கேட்கப் போகிறவர் முதலில் அட்டையைப் புரட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தாங்கள் செய்ய வேண்டியது சிறிய வேலை. 1946 என்பதை 1949 டிசம்பர் 16 என்று மாற்றி ஒரு திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பிலும் மாற்றுங்கள். தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகள் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்கள்,
செந்தூல், கோலாலம்பூர்